வாசனையை வச்சு ஒரு நாவலும் கொஞ்சம் விளம்பரங்களும்: கிளாஸ்ல எப்படி நடத்தலாம், முழுமையான வழிகாட்டி

காலையில 5 மணிக்கு தோவாளை பூச்சந்தைக்குள்ள நுழைஞ்சா பூ வாசம்தான் முதல்ல அடிக்கும்னு நினைப்பீங்க, ஆனா முதல்ல மூக்குல ஏறுறது நனைஞ்ச சாக்கு, அப்புறம் டெம்போ டீசல் புகை, காலடியில மிதிபட்டு அழுகின கேந்திப்பூ, இதெல்லாம் தாண்டின பிறகுதான் பிச்சிப்பூ வாசம். விளம்பரம் இந்த வரிசையில கடைசியா வர்ற பிச்சியை மட்டும் எடுத்துக் காட்டும். நல்ல நாவல் சாக்குலேருந்து ஆரம்பிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைங்க தங்களோட மூக்காலயே கண்டுபிடிக்கணும், அதுக்காகத்தான் இந்தப் பாடம்.

நான் கேரள எல்லையை ஒட்டின மார்த்தாண்டம் பக்கத்துல டிகிரி பிள்ளைங்களுக்கு நடத்துறேன். பாதிப் பேர் வீட்டுல தமிழ், மீதிப் பேர் வீட்டுல மலையாளம் கலந்த தமிழ், களியக்காவிளை தாண்டி பாறசாலையிலிருந்து வர்றவங்களும் உண்டு. நான் எடுத்துக்கிட்ட நாவல் பாட்ரிக் ஸ்யூஸ்கிண்ட் ஜெர்மன்ல எழுதின ‘பெர்ஃப்யூம்’, 1985ல வந்தது, அடுத்த வருஷமே ஜான் இ. வுட்ஸ் இங்கிலீஷ்ல கொண்டுவந்துட்டார். நாங்க அந்த இங்கிலீஷ் பதிப்பை வச்சுப் படிச்சோம், முக்கியமான பக்கங்களை நானே தமிழ்ல சொல்லிட்டுப் போவேன். மொத்தம் 12 மணி நேரம், வாரத்துக்கு 2 மணி நேரம்னு 6 வாரம் வேணும், அதுக்குக் கீழ முடிக்க முயற்சி பண்ணாதீங்க.

முதல் வேலை, நீங்க முழுசா படிக்கணும்

கதைச் சுருக்கத்தை வச்சு இந்த நாவலை நடத்தவே முடியாது. 18-ம் நூற்றாண்டு பிரான்ஸ்ல கிரனூய்னு ஒருத்தன், உலகத்துல இருக்கிற எல்லா வாசனையையும் பிரிச்சு அறியக்கூடிய மூக்கு அவனுக்கு, ஆனா அவன் உடம்புக்குன்னு எந்த வாசனையும் கிடையாது. அந்தக் குறையை ஈடு கட்ட அவன் போற வழி கொலையில போய் முடியுது, 25 பெண்கள். கடைசிப் பக்கங்கள் இன்னும் கடினம். அதனால பிளஸ் டூ பிள்ளைங்களுக்குன்னா பிறப்பு, பாதிரியார் காட்சி, வாசனைத் தைலம் விக்கிற பால்தினியோட கடை, கிராஸ் ஊர்ல பூவிலிருந்து வாசனை எடுக்கிற பக்கங்கள், இதோட நிறுத்திக்கோங்க, மீதிக் கதையை நேர்மையா வாயால சொல்லிடுங்க. டிகிரி பிள்ளைங்களுக்கு முழுசும் கொடுக்கலாம், ஆனா உள்ளே என்ன இருக்குன்னு முதல் நாளே சொல்லிடணும்.

இன்னொரு விஷயம், கிளாஸ்ல எதையும் ஸ்பிரே அடிக்கக்கூடாது. வீசிங் இருக்கிற பிள்ளை ஒண்ணாவது இருக்கும். பஞ்சுல தொட்டு சின்ன மூடி போட்ட டப்பாவுல வச்சு, வேணும்கிறவங்க மட்டும் மோந்து பார்க்கட்டும், நாலைஞ்சு வாசனைக்கு மேல போனா மூக்கு மரத்துடும், வராண்டாவுக்குப் போயி 5 நிமிஷம் நின்னுட்டு வரட்டும். கோவிட்டுக்கு அப்புறம் வாசனையே சரியா தெரியாம போன ஒரு பிள்ளை எனக்கு வாய்ச்சுது. அவளை ஒதுக்கி உட்கார வைக்கல. நாவல்ல மேடம் கையார்னு ஒரு பொம்பளை வருவா, சின்ன வயசுல அப்பா அடிச்ச அடியில மோப்ப சக்தியே போயிட்டவ, அந்தப் பகுதியை இந்தப் பிள்ளைதான் வாசிச்சு, வாசனை போனா சோறு எப்படி இருக்கும்னு சொன்னா, கிளாஸே அமைதியா கேட்டுது.

சொல்லு சேர்க்கிற வாரம்

நாவலைத் தொடவே வேண்டாம், முதல் 2 மணி நேரம் சொல்லுக்கு மட்டும் ஒதுக்குங்க. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, முடை, காந்தல், ஊசிப்போன நாத்தம், மொச்சை நாத்தம்... போர்டுல எழுதிக்கிட்டே போங்க, எது எதுக்குப் பொருந்தும்னு பிள்ளைங்க சண்டை போடட்டும். மிளகாய் வறுத்தா நெடி, அதை வாசம்னு யாரும் சொல்ல மாட்டோம். அடுப்புல அக்கானி, அதான் பதனீர், காய்ஞ்சு கருப்பட்டிப் பதத்துக்கு வரும்போது கடைசி நிமிஷத்துல ஒண்ணு அடிக்குமே, வாசத்துக்கும் காந்தலுக்கும் நடுவுல, அதுக்கு ஒரு சொல் கிடைக்குமான்னு ஒரு பீரியட் முழுக்க தேடினோம், கிடைக்கல, அதுவும் நல்ல பாடம்தான்.

எல்லையில இருக்கிறதால நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மலையாளத்துல மணம்னா நல்லதும் கெட்டதும் ரெண்டும்தான், சீஞ்ச மணம்னு சாதாரணமா சொல்லுவாங்க. நம்ம தமிழ்ல மணம்னாலே நல்லது. நாற்றம் எடுத்துக்கோங்க, ரெண்டு பக்கமும் இன்னிக்கு அது துர்நாற்றம்தான், ஆனா வள்ளுவர் ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’னு மொட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற நறுமணத்தைத்தான் சொல்றார், 1274-வது குறள். ஒரே சொல்லு மேல இருந்து கீழ வந்துடுச்சு. ஒரு வாசனை நல்லதா கெட்டதான்னு முடிவு பண்றது மூக்கு மட்டும் இல்ல, ஊரும் காலமும் சேர்ந்துதான்னு இதுலயே பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுடும். இது புரியாம நாவலுக்குள்ள போகாதீங்க.

முதல் பக்கமும் நான் செஞ்ச தப்பும்

நாவல் ஆரம்பமே நாத்தம்தான். தெருவுல சாணி, முற்றத்துல மூத்திரம், அடுக்களையில அழுகின முட்டைக்கோஸ், அரசனிலிருந்து குடியானவன் வரை எல்லாரும் நாறினாங்கன்னு ஒரு பக்கம் முழுக்க வரும். 1738 ஜூலை 17, பாரிஸ்ல ஒரு மீன் கடையில, மீனோட குடலை எடுத்துக்கிட்டு நின்ன ஒரு பொம்பளைக்கு மேசைக்கு அடியில கிரனூய் பிறக்கிறான்.

முதல் தடவை நடத்தினப்போ இந்தப் பக்கத்தை வாசிச்ச உடனே ‘உங்க வீட்டு வாசனை என்ன, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க’ன்னு கேட்டுட்டேன். ஒருத்தி சந்தனத்திரி, ஒருத்தன் பலகாரம்னு சொல்லிட்டு வந்தாங்க. ரப்பர் வெட்டுற வீட்டுப் பையன் ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், ஷீட் காயப்போட்ட வீட்டுல அந்தப் புளிச்ச நாத்தம் துணியிலயே நிக்கும், அவனுக்குத் தெரியும். கடற்கரை ஊர்லேருந்து வந்த ஒரு பிள்ளை வாயே திறக்கல. அடுத்த நாள் வரல, அதுக்கு அடுத்த நாளும் வரல. மீன் கடையில பிறந்தவன் கதையைப் படிச்சுட்டு உன் வீட்டு வாசனை என்னன்னு அவகிட்ட கேட்டது எவ்வளவு பெரிய கொடுமைன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது. நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால அந்தக் கேள்வியை யாருகிட்டயும் பொதுவுல கேக்காதீங்க. அதுக்குப் பதிலா எல்லாருக்கும் பொதுவான ஒரு இடத்தை எடுங்க, மழைக்கு அப்புறம் காலேஜ் கிரவுண்ட், பஸ் ஸ்டாண்ட், லைப்ரரி பழைய புஸ்தக அலமாரி. ஸ்யூஸ்கிண்ட் மாதிரியே நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம, எந்த வாசனை எங்கிருந்து வருதுன்னு வெறும் பட்டியலா 15 வரி எழுதச் சொல்லுங்க. அருமையா எழுதுவாங்க.

அந்தப் பக்கத்துக்கு நம்ம ஊர் துணைப்பாடம் ஒண்ணு இருக்கு. 2021 டிசம்பர்ல குளச்சல்ல மீன் வித்துட்டு வீட்டுக்குப் போக பஸ் ஏறின ஒரு வயசான அம்மாவை நாத்தம் அடிக்குதுன்னு சொல்லி இறக்கிவிட்டாங்க. அந்த அம்மா பஸ் ஸ்டாண்ட்லயே நின்னு சத்தமா நியாயம் கேட்ட வீடியோ பரவுச்சு, முதலமைச்சர் வரைக்கும் கண்டிச்சார், பஸ் ஊழியர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அன்னிக்குப் பத்திரிகையில வந்த செய்தியை ஜெராக்ஸ் போட்டு நாவலோட முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்துல வச்சுக் கொடுங்க. நாவல்ல எல்லாரும் நாறுறாங்க, ராஜாவும் நாறுறார். பஸ்ஸுல ஒருத்தங்க மட்டும்தான் நாறுறாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. யாரு முடிவு பண்ணினது, எந்த அதிகாரத்துல? இந்தக் கேள்வியை ஒரு சார்ட்ல எழுதி ஒட்டிடுங்க, 6 வாரமும் அது சுவத்துலயே இருக்கட்டும்.

விளம்பரம் சேர்க்கிறது

ஆளுக்கு 5 விளம்பரம். சோப்பு, பவுடர், ஊதுபத்தி, பாடி ஸ்பிரே, ரூம் ஃபிரெஷ்னர், ஷாம்பு, காப்பித்தூள், எதுவும் சரி. அட்டைப்பெட்டியே போதும், பாட்டி டிரங்குப் பெட்டியில துணிக்கு நடுவுல வச்சிருக்கிற பழைய சோப்பு டப்பா கிடைச்சா இன்னும் நல்லது. அதே பொருளோட மலையாள விளம்பரம் ஒண்ணும் கட்டாயம் வேணும், களியக்காவிளை தாண்டினா கடைச் சுவர்லயே இருக்கும். தமிழ்ல நறுமணம்னு இருக்கிற இடத்துல மலையாளத்துல சுகந்தம்னு இருக்கும், படம் ஒண்ணா இருந்தாலும் சேலை மாறும், பூ மாறும், சில சமயம் அம்மாவே மாறிடுவாங்க.

சோப்புன்னா வரலாற்றையும் கொஞ்சம் சொல்லுங்க. மைசூர் சாண்டல் சோப்பு 1916ல பிறந்ததுக்குக் காரணம் முதல் உலகப் போர். ஐரோப்பாவுக்குக் கப்பல் போகாம மைசூர் ராஜ்ஜியத்துல சந்தனக்கட்டை தேங்கிப்போச்சு, அதை எண்ணெயாக்கி, எண்ணெயிலிருந்து சோப்புன்னு போனாங்க. டப்பாவுல இருக்கிற சிங்க உடம்பு யானைத்தலை மிருகம் சரபம். ராஜா, காடு, போர் இவ்வளவும் ஒரு சோப்புக்குள்ள இருக்கு, டப்பா அதுல எதைக் காட்டுது எதைக் காட்டலைன்னு கேளுங்க. அப்படியே டப்பாவைத் திருப்பி சேர்மானம் பார்க்கச் சொல்லுங்க. டிஎஃப்எம், அதாவது சோப்புல இருக்கிற மொத்தக் கொழுப்பு அளவு, 76 சதவீதத்துக்கு மேல இருந்தா கிரேடு 1ன்னு நம்பரா இருக்கும், வாசனைக்கு மட்டும் பர்ஃப்யூம்னு ஒத்தச் சொல். முன்பக்கம் முழுக்க வாசனையைப் பத்தித்தான் பேச்சு, பின்பக்கம் அதுக்குக் கிடைக்கிற இடம் ஒரே ஒரு வார்த்தை. இதைக் கண்டுபிடிச்ச பையன் ஏதோ புதையல் எடுத்த மாதிரி கத்தினான்.

பாதிரியாரும் பாடி ஸ்பிரேயும்

என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடத்துக்கு இதயமே இங்கதான் இருக்கு, 3 மணி நேரம் ஒதுக்குங்க.

நாவல்ல 2, 3 அத்தியாயம். பால் கொடுக்கிற ழான் புஸ்ஸி, குழந்தைக்கு வாசனையே இல்ல, இது பேய்னு சொல்லி பாதிரியார் தெரியேகிட்ட திருப்பிக் கொடுக்க வருவா. அப்போ குழந்தைன்னா எப்படி மணக்கும்னு அவர் கேக்க, அவ காலுக்கு ஒண்ணு, உடம்புக்கு ஒண்ணு, தலை உச்சிக்கு ஒண்ணுன்னு வெண்ணெய், கேரமல்னு தேடித்தேடிச் சொல்லுவா. இதோட ஒரு பேபி பவுடர் விளம்பரத்தை வைங்க. ரெண்டும் ஒரே உச்சந்தலையைத்தான் காட்டும். வித்தியாசம் என்னன்னா அவளுக்கு அந்த வாசனை குழந்தைகிட்டருந்து வருது, விளம்பரத்துல டப்பாவிலிருந்து வருது. நம்ம வீட்டுப் பாட்டிமார் பச்சப்பிள்ளையைத் தூக்கினதும் முதல்ல உச்சி மோந்துதான பார்ப்பாங்க, அதனால இதைப் பிள்ளைங்க உடனே பிடிச்சுக்குவாங்க.

அடுத்த காட்சி இன்னும் ஆழம். பாதிரியார் முதல்ல குழந்தையை மடியில வச்சு தானே அப்பன் மாதிரி உருகுவார். குழந்தை முழிச்சதும் கண்ணால பார்க்காது, மூக்கால அவரை மோப்பம் பிடிக்கும். அந்த நொடியில தன்னோட வேர்வை, வாய் நாத்தம் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துட்ட மாதிரி, அம்மணமா நிக்கிற மாதிரி அவர் கூசிப்போவார். அன்னிக்கே குழந்தையைத் தூரத்துக்கு அனுப்பிடுவார். பாசம் அருவருப்பா மாற ஒரு பக்கம்கூட ஆகல.

இப்போ பாடி ஸ்பிரே விளம்பரங்களை எடுங்க. லிஃப்ட், பஸ், இன்டர்வியூ ரூம், ஒருத்தர் கையைத் தூக்குறார், பக்கத்துல இருக்கிறவங்க முகம் சுளிக்குறாங்க. பாதிரியாருக்கு வந்த அதே கூச்சம்தான். நம்மளை யாரோ மோந்துட்டாங்கங்கிற பயம். விளம்பரம் முதல்ல அந்தப் பயத்தைக் கொடுத்துட்டு அப்புறம்தான் பொருளை விக்குது. பிள்ளைங்க கொண்டுவந்த விளம்பரங்களை ரெண்டு குவியலா பிரிக்கச் சொல்லுங்க, ஆசையைத் தூண்டி விக்கிறது, வெட்கத்தைத் தூண்டி விக்கிறது. எந்தப் பொருள் எந்தக் குவியல்ல போகுது, அதுல ஆம்பளை எத்தனை பொம்பளை எத்தனைன்னு எண்ணட்டும். எண்ணாம பேச விடாதீங்க.

நேரம் இருந்தா குறுந்தொகை ரெண்டாம் பாட்டையும் சேர்த்துக்கோங்க, கொங்குதேர் வாழ்க்கை. தலைவியோட கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டான்னு தும்பிகிட்ட கேக்கிறான், எனக்காகப் பொய் சொல்லாதேன்னு வேற சொல்றான். கூந்தலுக்கு இயற்கையா மணம் உண்டான்னு நக்கீரர் வழக்குப் பேசின கதை எல்லாருக்கும் தெரியும். ஷாம்பு விளம்பரத்துக்கு நக்கீரரா இருந்து ஒரு பக்கம் கேள்வி எழுதச் சொன்னா தூங்குற பையன்கூட எழுந்து உட்கார்றான்.

பிச்சியும் வனஸ்பதியும்

நாவல்ல மூணாம் பாகம் கிராஸ்ங்கிற ஊர். அங்க மல்லிகையையும் நிலசம்பங்கியையும் கொழுப்பு தடவின தட்டுல பரப்பி, பூ செத்ததும் எடுத்துட்டு புதுப் பூ போட்டு, கொழுப்பே பூவா மணக்குற வரை செய்வாங்க. பறிச்ச பிறகும் இந்தப் பூக்கள் மணத்தை விட்டுக்கிட்டே இருக்கும், அதனாலதான் இந்த முறை. கிராஸ்ல விளையிற அந்த மல்லிகை வேற ஏதோ சீமைப்பூ இல்ல, நம்ம பிச்சிதான், மத்த ஜில்லாவுல ஜாதிமல்லிம்பாங்க, மலையாளத்துல பிச்சகம். இதைச் சொன்ன உடனே பிரான்ஸ் ஒரே தாவுல தோவாளைக்கு வந்துடும்.

செய்முறை எளுப்பம். ஒரு ஸ்டீல் தட்டுல 100 கிராம் வனஸ்பதியை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தடவி, கத்தியால குறுக்கும் நெடுக்குமா கோடு கிழிங்க. 50 கிராம் பிச்சி மொட்டு, ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, தண்ணி தெளிச்ச பூ வாங்கினா பூஞ்சை பிடிச்சுடும். கவுத்துப் பரப்பி இன்னொரு தட்டால மூடி நிழல்ல வைங்க. மறுநாள் பழுப்பேறின பூவை ஒவ்வொண்ணா எடுத்துட்டு புதுசு. இப்படி 5 நாள். முதல் நாள் வனஸ்பதி வாடைதான் அடிக்கும், ரெண்டாம் நாள் சந்தேகமா இருக்கும், நாலாம் நாள் மூடியைத் திறந்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்க கிளாஸ்லேருந்து.

அந்த வாடின பூவை எடுக்கிறதைப் பிள்ளைங்கதான் செய்யணும். விரல்ல கொழுப்பு, நகத்துல பூ, 50 கிராமுக்கே முதுகு வலிக்கும். அப்போ கணக்கைச் சொல்லுங்க, இப்பல்லாம் தொழிற்சாலையில கொழுப்பு இல்ல, கரைப்பான் ஊத்தித்தான் எடுக்கிறாங்க, சத்தியமங்கலம், கோயமுத்தூர் பக்கமெல்லாம் இந்த வேலை நடக்குது, அதுலயும் பூவிலிருந்து இப்படிக் கிடைக்கிற மெழுகு மாதிரி வாசனைச் சாறுக்கு கான்கிரீட்னு பேரு, அது 1 கிலோ கிடைக்க ஏறக்குறைய 350 கிலோ பூ வேணும். பூ பறிக்கிற கை எந்த பெர்ஃப்யூம் விளம்பரத்துல வந்திருக்குன்னு தேடச் சொல்லுங்க. எங்க பிள்ளைங்க சேர்த்த விளம்பரங்கள்ல ஒண்ணுலகூட இல்ல.

கிரனூய் இதே முறையைத்தான் பெண்கள் மேல பிரயோகிக்கிறான். தட்டைக் கையில வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது பிள்ளைங்க முகம் மாறும். அவசரப்படுத்தாதீங்க, கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

கவனிக்கப்படுறதும் ஆளுறதும்

ரெண்டாம் பாகத்துல மோன்பெல்லியேங்கிற ஊர்ல அவன் மனுஷ வாசனையைத் தயாரிக்கிறான். பூனைப் பீ, பழைய சீஸ், வினிகர், அழுகின முட்டை, மேல கொஞ்சம் நல்ல தைலம். அதைப் பூசிட்டு தெருவுல நடந்தா முதல் தடவையா ஜனங்க அவனை ஒரு ஆளா கவனிக்கிறாங்க. அதுவரை அவன் பக்கத்துல நின்னாலும் யாருக்கும் தெரியாது. இங்க கேக்க வேண்டிய கேள்வி, விளம்பரம் நமக்குத் தர்ற வாக்கும் இதுதானே, பூசினா கவனிப்பாங்க, மயங்குவாங்க, பின்னாடி வருவாங்க. மயங்குறவங்களுக்கு ஏன் மயங்குறோம்னே தெரியாது. அவங்க சம்மதம் எங்க போச்சு?

2022 ஜூன்ல ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் பெண்கள் மேலான வன்முறையைக் கேலியாக்குதுன்னு பெரிய எதிர்ப்பு கிளம்பி, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே எடுக்கச் சொல்லுச்சு. அந்தச் செய்தியை இங்க கொடுங்க, விளம்பரத்தைப் போட்டுக் காட்ட வேண்டாம், செய்தியே போதும். விளம்பரங்களுக்கான தரக் கவுன்சிலும் நம்ம நாட்டுல 1985லதான் தொடங்கினது, நாவல் வந்த அதே வருஷம். புகார் எப்படிக் கொடுக்கிறதுன்னு பிள்ளைங்க ஒரு மாதிரிக் கடிதம் எழுதட்டும், இது பரீட்சைக்கும் உதவும்.

எழுத வைக்கிறது

கடைசி 2 மணி நேரம். ரெண்டு எழுத்து வேலை மட்டும் கொடுப்பேன். ஒண்ணு, நாவலில் வர்ற பால்தினியோட கடைக்கு ஒரு விளம்பரமும், அதே கடையில பின்கட்டுல ராத்திரி வேலை பார்க்கிற கிரனூயோட பார்வையில அரைப் பக்கமும். ரெண்டாவது, விளம்பரத்துல இதுவரை யாரும் விக்காத ஒரு நம்ம ஊர் வாசனைக்கு விளம்பரம், நறுமணம், சுகந்தம், ஃபிரெஷ் இந்த மூணு சொல்லும் வரக்கூடாது. மார்க் போடும்போது எந்த வாசனை எங்கிருந்து வருதுன்னு தெளிவா சொல்லியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க, அலங்காரத்துக்கு மார்க் வேண்டாம்.

முதல் வருஷம் வாய் திறக்காத அந்தக் கடற்கரைப் பிள்ளை, மன்னிப்புக் கேட்டதுக்கு அப்புறம் திரும்ப வந்தா, ஆனா கடைசி வரை பெருசா பேசல. ரெண்டாவது வேலைக்கு அவ எழுதினது உப்புல காய்ஞ்ச வலையைப் பத்தி. விடியக்காலம் அப்பா வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அந்த வாசனை வரும், அது வந்தா உயிரோட வந்துட்டார்னு அர்த்தம், புயல் எச்சரிக்கை இருந்த ராத்திரியெல்லாம் அம்மா கதவைத் திறந்து வச்சுட்டு மூக்கால காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு 9 வரி. விலைன்னு போட வேண்டிய இடத்தைக் காலியா விட்டிருந்தா. அவகிட்ட அனுமதி கேட்டு, பேரை எடுத்துட்டு, அந்த 9 வரியைத்தான் இப்போ ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் முதல் ஜெராக்ஸா கொடுக்கிறேன், நாவலோட முதல் பக்கம் அதுக்கு அடுத்துதான்.